ரெமிஜியஸ் செதுக்கிய கல்

1912ஆம் வருடம் ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, பெங்களூர் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் மதராஸ் மெயில் வந்து நின்றதும், ரெமிஜியஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் போனார். "கோட்டையும் பேட்டையும் பார்க்க வேண்டுமா? நான் வழிகாட்டி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாற்பத்தொரு வயதில் அவர் தொடங்கிய தொழில் அது. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

"எங்களிடம் மேஜர் ட்ரெவிட் எழுதிய புத்தகம் இருக்கிறது. இதில் சொல்லியிருக்கும் இடங்களை மட்டும் காட்டினால் போதும்."

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ரெமிஜியஸ்தான். அட்டையில் வேறு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

ரெமிஜியஸ் பிளாக்பள்ளியில் பிறந்தவர். அப்பா ஒரு ரெஜிமென்ட் மெஸ்ஸில் பட்லர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து, மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டி நிலைத்த குடும்பம். பாதிரிமார் பள்ளியில் படித்துவிட்டு, கன்டோன்மென்டில் ஒரு வரைபட ஆபீசில் டிரேசராகச் சேர்ந்தார். என்ஜினீயர்கள் போட்ட வரைபடத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, அதே கோடுகளை மையில் இழுக்க வேண்டும். எழுத்துகளையும் அச்சடித்தாற்போல் எழுத வேண்டும். இருபது வருடம் அடுத்தவன் போட்ட கோட்டின் மேலேயே கோடு போட்டார். சொந்தமாகக் கோடு போட வேண்டும் என்ற ஆசையைத் தீர்த்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பழைய ஊரான பேட்டைக்கு நடந்துவிடுவார்.

அல்சூர் வாசலில் தொடங்கி, தொட்டபேட்டை, சிக்பேட்டை, மாமூல்பேட்டை, தரகுபேட்டை என்று சந்து சந்தாக அளந்தார். இடிந்த மதில் எந்த வீட்டின் பின்சுவராக மாறியிருக்கிறது, 1791இல் வெள்ளைக்காரப் படை எந்த வழியாகப் பேட்டைக்குள் புகுந்தது, எந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கல்வெட்டுகளைப் படிப்பதற்குப் பளேபேட்டையில் குடியிருந்த கன்னடப் பள்ளி வாத்தியார் சேஷகிரி ராவ் கூட வருவார். எழுத்து தேய்ந்த கல்லில் மாவைத் தடவி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் பழைய கன்னடத்தை வாசிப்பார். அதை ரெமிஜியஸ் அப்படியே பிரதி எடுத்துக்கொள்வார். பதினெட்டுக் கல்வெட்டுகள். ஒன்பது வருடத்தில் பதினொரு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன.

மேஜர் ட்ரெவிட் ஓய்வு பெற்று ரிச்மண்ட் டவுனில் பங்களா எடுத்துத் தங்கியவர். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் தம்பி எட்வர்ட் என்பவன், பதினெட்டு வயதுப் பட்டாளக்காரன், 1791 மார்ச் ஏழாம் தேதி பேட்டையைத் தாக்கியபோது செத்துப்போனான். உடல் கிடைக்கவில்லை. அவன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மேஜர் ஆள் தேட, ஆபீஸ் மேலதிகாரி ரெமிஜியஸை அனுப்பினார். பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் நடந்தார்கள். மேஜருக்கு வெயில் ஆகாது. அதனால் ரெமிஜியஸ் ஒரு கையில் நோட்டும் மறு கையில் மேஜரின் குடையுமாக நடந்தார். கடைசியில் மேஜர், "இந்த நோட்டுகளை நான் ஒரு மாதம் வைத்துப் படிக்கலாமா?" என்று கேட்டார். ரெமிஜியஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஜட்கா வண்டி வைத்து, பதினொன்றையும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு வருடம் கழித்து மதராஸில் புத்தகம் அச்சாகி வந்தது. ரெமிஜியஸ் ஒரு பிரதி வாங்கி, கடை வாசலிலேயே நின்று புரட்டினார். வரைபடங்கள் அவருடையவை. வாக்கியங்களும் அவருடையவைதான், இங்கொன்றும் அங்கொன்றுமாக வார்த்தை மாறியிருந்தது. அவர் பெயரைத் தேடினார். முன்னுரையின் கடைசியில் ஒரே ஒரு வரி இருந்தது: "இந்த நடைகளில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்த சுதேசி ஆளின் பொறுமையையும் குறிப்பிட வேண்டும்."

அன்றே பங்களாவுக்குப் போனார். மேஜர் வராந்தாவில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் பெயரைப் போட மறந்துவிட்டீர்கள்."

"எதற்குப் போட வேண்டும்?"

"எழுதியது நான்."

"நீ எடுத்தது குறிப்பு. அதைப் புத்தகமாக ஆக்கியது நான். இந்த வித்தியாசம் உனக்குப் புரியாது" என்றார் மேஜர். குரலில் கோபம்கூட இல்லை.

"அப்படியானால் என் நோட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்."

"அச்சான பிறகு அந்தக் காகிதம் எதற்கு? எரித்துவிட்டேன்."

அடுத்த வாரம் ஆபீசில் ரெமிஜியஸின் மேஜை காலியாக இருந்தது. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்ததற்காக வேலை நீக்கம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். ரெமிஜியஸுக்குத் தெரிந்தது இரண்டே வேலை. ஒன்றுக்கு ஆபீஸ் வேண்டும். இன்னொன்றுக்குக் கால் போதும். அப்படித்தான் அவர் ரயில் நிலையத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டி வந்தது.

வந்தவர்கள் எல்லோருடைய கையிலும் சிவப்பு அட்டைப் புத்தகம் இருந்தது. டெல்லி கேட்டருகே நின்று அவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "பொறு, மேஜர் என்ன சொல்கிறார் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அவருடைய வாக்கியத்தையே அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு நாள் ஒரு இளம் கலெக்டர், ரெமிஜியஸ் சொன்ன ஒரு வருடக் கணக்கைத் திருத்தினான். புத்தகத்தில் அச்சுப்பிழை.  அன்று ரெமிஜியஸ் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் முற்றத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மகள் டோரதி பிற்காலத்தில் சொன்னார்.

சேஷகிரி ராவ் சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"பிடு ரீ, விட்டுத் தள்ளுங்க. உங்க பேரும் இல்ல, என் பேரும் இல்ல, நிஜம்தான். ஆனா பதினெட்டுக் கல்லும் அச்சுல ஏறிடுச்சு. நாளைக்கு ஒருத்தன் அந்தக் கல்ல உடைக்க வந்தா, புஸ்தகத்தக் காட்டி நிறுத்தலாம்."

"உங்களுக்குக் கல்லு முக்கியம் வாத்தியாரே. எனக்கு அந்த ஆளு முக்கியம்."

"அவன இன்னா பண்ண முடியும் உங்களால?"

"இப்ப ஒண்ணும் முடியாது."

1913 தொடக்கத்தில், மேஜர் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குப் புது விஷயம் தேடுகிறார் என்ற செய்தி காதில் விழுந்தது. ரெமிஜியஸ் அந்த வாரமே கோட்டைக்குப் போனார். இடித்துப்போட்ட மதில் கற்கள் அகழியோரம் கிடந்தன. மார்பளவு நீளமுள்ள ஒரு பலகைக் கல்லைப் பொறுக்கி எடுத்து, மாட்டு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கன்டோன்மென்டின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போய், நூறு வருடத்துக்கு முந்தைய எழுத்துகளின் வளைவுகளை மெழுகுத் துணியில் எடுத்துக்கொண்டார். உளி பிடிக்கத் தெரியாது, கற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் மனைவி கேத்தரினும் மகளும் பூசைக்குப் போன நேரத்தில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து செதுக்கினார். ஒரு ஞாயிறு கேத்தரின் பாதியிலேயே திரும்பி வந்து பார்த்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.

"எட்வர்ட் ட்ரெவிட்... ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தொண்ணு." நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாங்க இது? அந்த மேஜரோட ஆளு பேராச்சே?"

"ஆமா. நூத்தி இருவது வருஷமா சமாதி இல்லாம கெடக்கறான். நான் கட்டித் தரேன்."

"செத்தவங்க பேர்ல விளையாடாதீங்க. பூசைக்கும் வராம, கொல்லையில குந்திக்கினு பொய்க் கல்லறை செதுக்கறீங்களே, ஆண்டவருக்கு அடுக்குமா?"

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கறேன், போ."

"எப்போ?"

"வேலை முடிஞ்சப்புறம்" என்று சொல்லிவிட்டு உளியை மறுபடியும் எடுத்தார்.

எழுத்து முடிந்ததும், பழசாகத் தெரிவதற்காக மேல்பக்கத்தில் புளியும் சாணியும் எண்ணெயும் தேய்த்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் கல்லை மண்ணில் புதைத்து வைத்தார். தரகுபேட்டையில், பிளேக் வருஷத்தில் ஆட்கள் ஓடிப்போய்ப் பாழாகக் கிடந்த ஒரு வீடு இருந்தது. அதன் பின்கட்டு முழுக்க உண்ணிச்செடி மண்டியிருந்தது. தானிய மூட்டைகள் வந்துபோகும் தெரு அது. பட்டப்பகலில் மூட்டை வண்டிகளோடு ஒரு வண்டியாகக் கல் உள்ளே போயிற்று. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதி மண்ணில் அமிழ்ந்திருக்குமாறு அதைப் படுக்க வைத்தார்.

நவம்பரில் மேஜரே கூப்பிட்டு அனுப்பினார். "பழையதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. உன்னைப் போல் இந்தச் சந்துகளை அறிந்தவன் இல்லை" என்றார். ரெமிஜியஸ் தலையாட்டினார். குடையைத் தானே எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் உண்மையான இடங்களைக் காட்டினார். மூன்றாம் நாள் தரகுபேட்டையில் அந்தப் பாழ் வீட்டைத் தாண்டிப் போகிறபோது, கேட்டால்தான் சொல்வது என்பதுபோல் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார்.

"உள்ளே என்ன இருக்கிறது?" என்று மேஜர் கேட்டார்.

"ஒரு கல் இருக்கிறது ஐயா. ஏதோ எழுத்துத் தெரிகிறது. எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை."

மேஜர் செடிகளை விலக்கிக்கொண்டு போய் மண்டியிட்டார். பேனாக்கத்தியால் மண்ணைச் சுரண்டினார். முதலில் வருடம் வந்தது. பிறகு பெயரின் கடைசி எழுத்துகள். முழுப் பெயரும் தெரிந்தபோது அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். அறுபத்து மூன்று வயது மனிதர், கல்லின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எழுந்தபோது ரெமிஜியஸின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மிஸ்டர் ரெமிஜியஸ்" என்று முதல் தடவையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ரெமிஜியஸ் கேத்தரினிடம், "அழுதான்" என்றார்.

"போதும்ங்க. இத்தோட விட்டுடுங்க. பாவம், அழற அளவுக்குப் பண்ணிட்டீங்க."

"அவன் தனியா அழுதா போதாது. நாலு பேரு பாக்க அவன் தலைகுனியணும்."

மேஜர் அந்தப் பாழ் மனையை விலைக்கு வாங்கினார். கல்லைச் சுற்றி இரும்புக் கிராதி போட்டார். லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இங்கிலாந்திலிருந்து அவருடைய அக்கா, எழுபது வயதுக்காரி, கப்பலேறி வந்தாள். இரண்டாம் பதிப்பு அச்சாயிற்று. கல்லறைக்கென்று அதில் தனி அத்தியாயம். 1914 மார்ச் ஏழாம் தேதி காலை நினைவு விழா. சந்துக்குள் ஷாமியானா போட்டு, பட்டாள பாண்டு வைத்து, அதிகாரிகளும் சீமாட்டிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தானிய வியாபாரிகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சேஷகிரி ராவும் ஓர் ஓரமாக நின்றார். ரெமிஜியஸுக்கு இரண்டாம் வரிசையில் நாற்காலி கிடைத்திருந்தது.

மேஜர் புதுப் பதிப்பின் முன்னுரையை வாசித்தார். அதில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: "இந்தக் கண்டுபிடிப்புக்கு என்னை அழைத்துச் சென்றவர் பிளாக்பள்ளியைச் சேர்ந்த திரு. ரெமிஜியஸ். இந்த நகரத்தின் வரலாற்றை அவரைவிட அறிந்தவர் யாரும் இல்லை." எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அந்த நிமிடத்தில் கணவரின் மனம் இளகும் என்று கேத்தரின் நம்பியிருந்தாள் என்பதை ரெமிஜியஸ் அறிவார். ஆனால் அந்தக் கைதட்டல் அவருடைய கோபத்தைக் கூட்டியது. ஒன்பது வருட உண்மைக்கு ஒரு வரி நன்றி சொல்லாத ஆள், பத்து மாதப் பொய்க்குப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நன்றி சொல்கிறான். அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, கல்லைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியிலும் எழுத்து இருக்கிறது."

மேஜருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அடியிலா? ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். நான்கு சிப்பாய்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் புரண்டது. ஒரு சிப்பாய் மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். அடியில் இருந்த எழுத்து புத்தம் புதிதாக வெள்ளையாக இருந்தது. மேஜரின் அக்காதான் முன்னால் இருந்தாள். அவளே உரக்க வாசித்தாள்.

"இந்தக் கல்லை 1913இல் பிளாக்பள்ளியில் செதுக்கியவன் ரெமிஜியஸ். மேஜர் ட்ரெவிட்டுக்குக் குடை பிடித்தவன். அவர் புத்தகத்தை எழுதியவன்."

 யாரோ ஒரு அதிகாரி அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. மாடியில் இருந்தவர்களுக்கு விஷயம் புரியாமலேயே அவர்களும் சிரித்தார்கள்.

மேஜர் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. ரெமிஜியஸின் அருகே வந்து, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்படியானால் எட்வர்ட் எங்கே?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரெமிஜியஸ். "இருந்த காகிதத்தையெல்லாம் நீங்கள் எரித்துவிட்டீர்களே."

அக்காவும் தம்பியும் மூன்று வாரத்தில் ஊரைவிட்டுப் போனார்கள். மதராஸ் கடைக்காரர்கள் இரண்டு பதிப்புகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் ரெமிஜியஸின் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் விசாரித்தார். என்ன குற்றத்தில் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ரயில் நிலையத்துக்குள் மட்டும் ரெமிஜியஸை விடவில்லை. வழிகாட்டி வேலை அதோடு போயிற்று. அவர் கவலைப்படவில்லை. எழுத்து கைவசம் இருந்தது. கமர்ஷியல் தெருவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனார். அந்த வருடம் முழுக்க அவர் முகம் தெளிவாக இருந்தது என்று டோரதி சொன்னார்.

அடுத்த வருடம் மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு மாலை, சேஷகிரி ராவ் வேர்த்து விறுவிறுத்து பிளாக்பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஆனேக்கல் ரோடு பக்கத்து மண்டபத்த இடிக்கறாங்க ரீ. பதினெட்டுல நாலு கல்வெட்டு அதுலதான் இருந்துச்சு. நான் முனிசிபாலிட்டிக்கு மனு எழுதி, புஸ்தகத்துல பக்கம் நம்பர் போட்டுக் கொடுத்தேன். இன்னா பதில் வந்துச்சு தெரியுமா?"

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"'நீங்கள் ஆதாரம் காட்டும் நூல் மோசடி என்று நிரூபிக்கப்பட்டது.' அவ்வளவுதான். உடைச்சுச் சாக்கடைக்குப் போட்டுட்டாங்க. மிச்சம் பதினாலு. அதையும் எவனும் நம்பமாட்டான். நான் வாசிச்ச வாசகம் அத்தனையும் இன்னிக்குப் பொய்!"

"வாத்தியாரே, நான் உங்களுக்கு ஒண்ணும் பண்ணல. அவனுக்குத்தான்..."

"அவன் ஊருக்குப் போயிட்டான். நான் இங்கதான இருக்கேன்?"

சேஷகிரி ராவ் வந்த வழியே திரும்பிப் போனார். பதினாறு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தொட்டபேட்டையில் எதிரெதிரே வர நேர்ந்தால் வாத்தியார் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். ரெமிஜியஸ் மீதிக் கற்களைத் தேடிப் போய்ப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பிப் பார்த்தார். உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

1931 மார்ச் மாதம். ரெமிஜியஸுக்கு அறுபது வயது. டோரதியின் கணவருக்கு அடுகோடியில் ஒரு பட்டறையில் வேலை என்பதால் எல்லோரும் அங்கே குடிபோயிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை டோரதி ஆங்கிலப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மூலையில் மேஜர் ட்ரெவிட் இங்கிலாந்தில் எண்பது வயதில் காலமானார் என்று நான்கு வரிச் செய்தி இருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"இன்னொரு வாட்டி படி."

படித்தாள்.

"புத்தகத்தப் பத்தி ஏதாவது போட்டிருக்கானா?"

"இல்லப்பா. பட்டாளத்துல எங்கெங்க இருந்தார்னு மட்டும்தான் இருக்கு."

"நல்லது" என்றார். கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். பளேபேட்டை வரைக்கும் நடந்தார்.

சேஷகிரி ராவுக்குக் கண் மங்கியிருந்தது. கதவைத் திறந்து, "யாரு?" என்று கேட்டார்.

"ரெமிஜியஸ். வாத்தியாரே, அந்த ஆளு செத்துட்டான்."



"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்லிட்டீங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

ரெமிஜியஸ் கலாசிபாளையம் வழியாகத் திரும்பினார். அங்கே கசாப்புக் கடையில் ஒரு சேர் ஆட்டுக்கறி வாங்கினார். வீட்டில் கேத்தரின் பொட்டலத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"தபசு காலங்க! அதுவும் கறி தொடக் கூடாத வெள்ளிக்கிழமை! இந்த வீட்டு அடுப்புல இன்னிக்குக் கறி வேகாது."

"உன் அடுப்பு வேணாம்."

கொல்லையில் மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, அவரே மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வேக வைத்தார். புகை கண்ணில் ஏறியது. டோரதி உதவிக்கு வந்தபோது கையால் விலகச் சொன்னார். வெந்ததும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், கடைசி எலும்பு வரைக்கும் சாப்பிட்டார்.